அடுத்த ரூம்

கையில் ஒரு குண்டூசிகூட இல்லாமல், என் வயிறு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டாயிரம் பேர் ஏறிய கப்பலை நடுக்கடலில் திருப்பியவன் நான். கடற்படைக்காரன் பீரங்கி வைத்துச் செய்கிற வேலை அது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செய்தேன்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், எழில் மேடம். கப்பல் கம்பெனி உங்களைச் சென்னையிலிருந்து ஆமத்தூர் வரைக்கும் விசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. வந்த இடத்தில் சிரிப்பாவது கிடைக்கட்டும். போனில் பதிவாகிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பலுக்குள் வாந்திபேதியைக் கொண்டுவந்தவர் காலஞ்சென்ற காதர் பாட்சா என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள். அது தப்பு. கொண்டுவந்தது உக்கிரபாண்டி. அதாவது நான்.

"அவுக சொல்லுதத நம்பாதீக தாயி," என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாளே, அவள்தான் என் மனைவி மூக்கம்மாள். "கம்மாயில ஒத்தக் கையால முதலையப் பிடிச்சேன்னு சொன்ன ஆளு. அந்தக் கம்மாயில தவளைக்கே தண்ணி கிடையாது."

முதலை விஷயம் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். இது அப்படியல்ல.

நான் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால்தான் மற்றது உங்களுக்குப் புரியும். வெடிமருந்து ரூம்களில் நாலு பக்கமும் வாசல் இருக்கும். வேலை நடக்கும்போது ஒரு கதவும் சாத்தியிருக்கக் கூடாது. தீ வந்தால் எந்தப் பக்கமும் ஓடலாம். ஒரு ரூமில் நாலு பேர்தான் உட்காரலாம் என்பது சட்டம். சீசன் நேரத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். சோதனைக்கு ஆபீசர் வந்துவிட்டால் போர்மேன் செய்ய வேண்டியது ஒன்றுதான். முகம் மாறாமல், "அடுத்த ரூமப் பாருங்க சார்" என்று கை காட்ட வேண்டும். அவர் அதைப் பார்த்து முடிப்பதற்குள் இங்கே கூடுதலாக இருந்தவர்கள் மறுவாசல் வழியாகக் காட்டுக்குள் போயிருப்பார்கள். என் கை அதற்கென்றே பழகிய கை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடுத்த ரூமைத்தான் காட்டும்.

தீபாவளி சீசன் முடிந்ததும் முதலாளி எங்களைப் போன்ற பழைய ஆட்களை மனைவியோடு உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டார். சென்னையில் ஏறி, இலங்கைப் பக்கம் போய்த் திரும்புகிற கப்பல். பட்டாசுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுத்த வகையில் காதர் பாட்சாவும் வந்தான். எனக்கு அவன் மாப்ள. ரத்த சம்பந்தம் ஒன்றுமில்லை. இளவட்டத்தில் அவன் என்னை மாப்ள என்றான், நானும் திருப்பிச் சொன்னேன், அப்படியே நிலைத்துவிட்டது. அவன் மனைவி சாலிஹா எனக்குத் தங்கச்சி ஆனதும் அந்த வழியில்தான். அவனுக்குச் சர்க்கரை உண்டு, கிட்னியும் பாதிதான் வேலை செய்தது. "எனக்குப் பாதி கிட்னி, ஒனக்குப் பாதி மூளை. ரெண்டு பேருஞ் சேந்தா முழு ஆளு மாப்ள" என்பான். கப்பலில் எங்களுக்கு அடுத்த ரூம் அவனுக்கு.

மதுரை தாண்டி வண்டி நின்ற ஓட்டலில் நான் தின்ற ஏதோ ஒன்று, சென்னை வருவதற்குள் வயிற்றில் பேச ஆரம்பித்துவிட்டது. கப்பல் வாசலில் ஒரு பெண் ஒவ்வொருவரிடமும் வாந்தி, பேதி உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆணியத் தின்னாலும் செரிக்கும் தாயி எனக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். ஏறிக் கொஞ்ச நேரத்தில் லிப்டுக்குப் பக்கத்திலிருந்த பூந்தொட்டியில் வாந்தி எடுத்தேன். பிளாஸ்டிக் செடி. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் எனக்கு ஓரளவு விட்டுவிட்டது. சாப்பாட்டு ஹாலில் ஐநூறு வகை வைத்திருந்தார்கள். சரி, ஐம்பது. நான் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, ஒவ்வொரு கரண்டியாகப் பிடித்துக் கிளறிப் பார்த்து, வரிசையில் நின்ற முன்பின் தெரியாதவர்களுக்குக்கூட அன்பாகப் பரிமாறினேன். வாசலில் கையில் தெளிக்க வந்த மருந்து ஸ்பிரிட் வாடை அடித்தது. பட்டாசு ஆள் கையில் ஸ்பிரிட் படவிடமாட்டான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நுழைந்துவிட்டேன். மூக்கம்மாள் மட்டும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைத் தவிர எதையும் தொடவில்லை. கப்பல்காரன் கைப்பக்குவத்தில் அவளுக்கு நம்பிக்கையில்லை.

அன்று சாயங்காலமே ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். மறுநாள் பார்த்தால் ஆயிரம் பேர்.

"நூத்திச் சொச்சம்னு பேப்பர்ல போட்டிருந்தான்," என்கிறாள் உள்ளேயிருந்து.

பேப்பர்காரன் எண்ணிக்கையை நான் குறை சொல்லவில்லை.

அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. படுத்தவர்களை நினைத்து அல்ல. அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. உடம்பு சரியில்லாதவர்கள் ரூமைவிட்டு வெளியே வரக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கண்ணைத் தவிர எல்லாவற்றையும் மூடிய ஆட்கள் நடைவழியில் குளோரின் தெளித்துக்கொண்டு வந்தார்கள். படுத்தவர் ரூமில் வெளியிலிருந்து கதவைச் சாத்திப் பூட்டி, குறுக்கே சிவப்பு நாடா ஒட்டினார்கள். நடையில் காவலுக்கு ஒரு ஆளையும் நிறுத்தினார்கள். எங்கள் ரூம்களுக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கடலைப் படமாக மாட்டியிருந்தார்கள். இருப்பது ஒரே கதவு.

நான் என் வீட்டில் கக்கூஸ் கதவைக்கூட முழுசாகச் சாத்துவதில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு சமயம், காற்றுக்கு மருந்து பறக்கிறது என்று யாரோ ஒரு ரூமில் மூன்று கதவுகளைச் சாத்தியிருந்தார்கள். தீ அடங்கின பிறகு அவற்றைத் திறந்தது நான்தான். உள்ளே இருந்தவர்கள் யாரும் நடுவில் கிடக்கவில்லை. எல்லாரும் கதவோரமாகக் கிடந்தார்கள், கைகள் கதவைப் பார்த்தபடி. அன்றிலிருந்து சாத்திய கதவைக் கண்டால் என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

எங்கள் கதவைத் தட்டினார்கள். கப்பல் டாக்டரம்மா, சின்ன வயது. லிப்டுப் பக்கத்துக் கேமராவில் ஒரு பெரியவர் வாந்தி எடுப்பது பதிவாகியிருக்கிறது, முகம் தெரியவில்லை, வெள்ளை வேட்டி, இந்த இரண்டு ரூம்களில் ஒன்றுக்குள்தான் போயிருக்கிறார், அது நீங்களா என்று கேட்டாள். நானும் வெள்ளை வேட்டி, காதரும் வெள்ளை வேட்டி.

சத்தியமாக நான் யோசிக்கவில்லை. கை தானாக நீண்டது.

"அடுத்த ரூமு" என்றேன்.

வாசலில் நின்று பார்த்தேன். காதர் பல்லைக் குத்திக்கொண்டே கதவைத் திறந்தான். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. கல்லு கெணக்கா இருக்கேன். யாரு சொன்னா?" என்று கேட்டான். டாக்டரம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நல்ல பெண். நாளை சாயங்காலம் வரை உள்ளேயே இருங்கள், அதற்குள் ஒன்றும் இல்லையென்றால் மறுபடி விசாரிக்கிறோம் என்றாள். நாடா ஒட்டினார்கள். சாலிஹாவும் அவனோடு உள்ளேதான்.

மறுபடி விசாரித்தால் மறுபடி என் கதவு. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன், மேடம். ஆயுசுக்கும் பொய் சொல்லியிருக்கிறேன், ஆனால் சொன்னதை நிரூபிக்க வேண்டிய இக்கட்டு அதுவரை வந்ததில்லை. ஏனென்றால் என்னை யாரும் நம்பியதில்லை. முதன்முதலாக ஒருத்தி நம்பிவிட்டாள். அவள் நம்பிக்கை வீண்போகக் கூடாது என்று தோன்றியது.

எனக்கு அப்போது வயிறு மறுபடியும் போய்க்கொண்டிருந்தது. கக்கூஸிலிருந்து கை கழுவாமல் வந்தேன். சாப்பாட்டு ஹாலில் வாங்கிவைத்திருந்த மோரில் உப்பும் இஞ்சியும் போட்டு, அந்தக் கையாலேயே கலக்கினேன். விரல்களை நன்றாக முக்கினேன். விஷம் எதுவும் சேர்க்கவில்லை. கை கழுவாதவனையெல்லாம் கொலைகாரன் என்றால் பாதி ஓட்டல்காரர்கள் ஜெயிலில் இருக்க வேண்டும்.

காவலுக்கு நின்ற ஆளிடம் நாட்டு மருந்து என்றேன். அவன் கதவை ஒரு சாண் திறந்தான்.

"ஏலே மாப்ள, அடச்சுட்டானுக பாத்தியா," என்றான் காதர். மூஞ்சி சிரித்தது, குரல் சிரிக்கவில்லை.

"நாளைக்குத் தொறந்துருவாக. இந்த மோரக் குடி."

"டாக்டரு எனக்குத் தண்ணியவே அளந்துல்ல குடிக்கச் சொல்லியிருக்காரு."

"ஒரு டம்ளருதான. எங் கையால கலக்குனதுலே."

"ஒங் கையாலயா? அப்பப் பேதி நிச்சயம்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சாலிஹாவுக்குப் பாதி வைக்கப் போனான். வேண்டாம், முழுசும் உனக்குத்தான் என்றேன். அந்த இடத்தில் என் மனசாட்சி வேலை செய்தது. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் காதருக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, சரியாகத்தான் சொன்னீர்கள் என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையசைத்துப் போனாள். கப்பல் இலங்கைக்குப் போகாமல் சென்னைக்கே திரும்புகிறது என்று அறிவித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. மெல்லிய சுவர்தான். சாலிஹா குரல் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, இவுகளுக்குக் கைகாலு இழுக்குது. டாக்டருக்குப் போனு போட்டா எடுக்க மாட்டேங்காக. கதவுக்கு வெளிய ஆளையுங் காணோம். அண்ணே, இருக்கீகளா?"

காவல்காரனும் படுத்துவிட்டான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கப்பலில் பாதிப் பேர் ஒரே சமயத்தில் டாக்டருக்குப் போன் செய்துகொண்டிருந்திருப்பார்கள். அந்த நடைவழியில் நாடா ஒட்டாத கதவு எங்களுடையது ஒன்றுதான். திறந்து போய், ஒரு மாடி ஏறினால் டாக்டர் ரூம். ஆனால் போய் நின்றால், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பாள். என் முகம் அப்போது இருந்த இருப்பில் அதற்குப் பதில் வேண்டியதில்லை. கதவு என் மேல் சாத்தப்படும்.

டிவியைப் போட்டேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அதில் கப்பல்காரர்கள் கை கழுவுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். மூக்கம்மாள் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தாள். ஆகையால் இந்தப் பகுதிக்குச் சாட்சி கிடையாது. இரண்டு தட்டு, மூன்று தட்டு கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. தேவலையாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னைத் துறைமுகத்தில் காதரை முகத்தோடு போர்த்தி இறக்கினார்கள். நான் என் காலில் இறங்கினேன்.

நோயை மறைத்துக் கப்பலேறிய பாவி என்று சிவகாசியில் அவனைப் பேசுகிறார்கள். சாலிஹா இடியாப்பம் அவித்து விற்கிறவள். அவள் கையால் வாங்க இப்போது ஆள் கிடையாது. நீங்கள் அறிக்கை கொடுத்துவிட்டால் கம்பெனி அவள்மேல் கேஸ் போடப் போகிறது என்றும் சொல்கிறார்கள். சிநேகிதனுக்குச் செய்கிற கடமையாக நினைத்துத்தான் உங்களை உட்காரவைத்து இவ்வளவும் சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. கப்பலைத் திருப்பியது நான். அந்தப் பெயர் அவனுக்குப் போவதா என்று இருந்தது.

கொன்றேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கை காட்டினேன், மோர் கலக்கினேன், டிவி சத்தத்தைக் கூட்டினேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன விஷயம்.

ஏன் போனைப் பைக்குள் வைக்கிறீர்கள்?

"ஐயா," என்கிறீர்கள், "செத்துப்போன நண்பருக்காகப் பழியை உங்க மேல இழுத்துப் போட்டுக்கிறீங்க. பெரிய மனசு. ஆனா இதை நான் எழுத முடியாது." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏம்மா, இதுவும் முதலைக் கதைதானே?" என்கிறீர்கள்.

மூக்கம்மாள் ஈரக் கையோடு வந்து நிற்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் அவள் ஒப்புக்கொண்டதில்லை. இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டாள். நீங்கள் கிளம்பலாம்.

"பொய் இருக்கு தாயி," என்கிறாள்.

நான் சொன்னேனே.

"ரெண்டு தட்டு மூணு தட்டுன்னாகல்ல, அது பொய்யி. பொழுது அடையுத வரைக்கும் அந்தப் புள்ள தட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. நான் தூங்குனேன்னாகல்ல, அதுவும் பொய்யி. எந்திரிச்சுக் கதவத் தொறக்கப் போனேன். இவுக எஞ் சேலையப் பிடிச்சுக்கிட்டு நடுங்குனாக. 'அடச்சுருவாக, என்னைய உள்ள வச்சு அடச்சுருவாக'ன்னு அழுதாக. நானும் உக்காந்துட்டேன்."

மூக்கம்மாள் என்னைப் பார்க்கவில்லை. உங்கள் பையைப் பார்க்கிறாள்.

"அந்தப் போன வெளிய எடுங்க. மத்ததெல்லாம் நடந்துச்சு."