குதிரைப் பலி

காபி இரண்டாம் முறை பொங்குவதற்குள் இறக்கிவிட்டால்தான் நுரை நிற்கும், தோழர். நோராயருக்கு அப்படித்தான் பிடிக்கும். ஆர்மீனியாவில், எங்கள் எரெவான் நகரில் அவன் ஆடிய சதுரங்கப் பந்தயங்களில் எல்லாம் மேசைக்குக் காபி கொண்டுபோனவன் நான். தொடக்க நகர்வுகளை ஆராய்ந்து கொடுக்கும் உதவியாளனுக்கு அந்த வேலையும் உண்டு.

அவனுக்கு இதயம் பலவீனம். தெரிந்தால் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று மறைத்து வைத்திருந்தான். மாத்திரை என்னிடம் இருக்கும். நெஞ்சு வலித்தால், குடித்த கோப்பையைத் தட்டில் கவிழ்ப்பான். எங்கள் ஊர் வழக்கப்படி காபி வண்டலில் குறி பார்க்கிறான் என்று அரங்கம் நினைத்துக்கொள்ளும். நான் இன்னொரு கோப்பை கொண்டுபோவேன். தட்டின் ஓரத்தில் மாத்திரை இருக்கும்.

பிரெஞ்சுத் தற்காப்பு என்ற ஆட்டமுறையை உடைக்க, குதிரையைப் பலிகொடுக்கும் ஒரு வழியை நான் கண்டுபிடித்தேன். பல வருட உழைப்பு. அதை ஆடி அவன் பட்டம் வென்றான். பத்திரிகைகள் அந்த வழிக்கு அவன் பெயரையே வைத்தன. வெற்றி விருந்தில் யாரோ ஒருவர், இதில் செய்ரானுக்கும், அதாவது எனக்கும், பங்குண்டா என்று கேட்டார். நோராயர் என் தோளில் கைபோட்டு, என் பெயரோடு செல்லமாக ‘ஜான்’ சேர்த்துச் சொன்னான்.

"செய்ரான் ஜானா? இவன் போடுற காபி இல்லாட்டி எனக்குக் குதிரை எது, கழுதை எதுன்னே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அந்த வழியில் ஓர் ஓட்டையைக் கண்டேன். நோராயரிடம் சொல்லவில்லை. அடுத்து அவனோடு ஆடவிருந்த லெனின்கிராட்காரன் க்ளெபிடம், பூங்காவில் நடந்தபடி சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

ஆட்டத்தில் நோராயர் யோசிக்காமலேயே குதிரையைக் கொடுத்தான். க்ளெப் அதைத் தொடாமல் யானையை நகர்த்தினான். நோராயர் நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கோப்பையைக் கவிழ்த்தான்.

"குறி பார்க்க ஆரம்பிச்சிட்டாரு. ஆட்டம் போச்சு" என்றார் எனக்குப் பின்னாலிருந்தவர்.

நான் முதல் வரிசையில் இருந்தேன். மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. அவன் முகம் சாம்பல் நிறமானது. நடுவர் குனிந்து என்னவென்று விசாரித்தார். அவன் என்னைப் பார்த்தபடி, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"இது செய்ரான் கண்டுபிடிச்ச வழி. என்னோடது இல்ல. அவனைக் கூப்பிடுங்க."

நான் இத்தனை காலம் காத்திருந்த வார்த்தைகள். நடுவர் கையசைத்து என்னை அழைத்தார். நேரமும் இருந்தது. ஆனால் தோற்கும்போது சொன்னதை எப்படிக் கணக்கில் எடுப்பது? ஜெயித்திருந்தால் சொல்லியிருப்பானா? அதை நியாயமாக யோசித்துப் பார்த்தேன். அவன் பலகைமேல் சாயும்வரை யோசித்தேன். கையை மூடியே வைத்திருந்தேன்.

பழிவாங்கும் எண்ணம் இருந்திருந்தால், தோழர், அவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டேன்.