பொருள் எண் 412: ஜன்னல் படம் ஒன்று

என் பெயரும் வீட்டு முகவரியும் இந்தத் தாளின் தலையில் எழுதியிருப்பது சரிதான். வயது ஐம்பத்தொன்பது. கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. ஒரே மகன், அவன் இப்போது இந்தக் காவல் நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். புகாரில் கண்ட அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகப் பொருள் பதிவேட்டு எழுத்தராக வேலை பார்க்கிறேன். அங்கே இருக்கிற நாற்காலி, மேசை, மின்விசிறி, குப்பைக்கூடை எதுவானாலும் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. எல்லோரும் என்னைப் பதிவேட்டம்மா என்பார்கள். நான் ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. சுயநினைவோடு, யாரும் சொல்லிக் கொடுக்காமல் இதைச் சொல்கிறேன்.

அலுவலகத்துக்குச் சொந்தமான படம் ஒன்றை நான் திருடினேன் என்பது என் மேல் உள்ள புகார். அந்தப் படம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். என் கணவர் பஸ் டிரைவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதன் பிறகு, இடது கையை ஏதாவது கிறுக்கிப் பழக்கச் சொன்னார் டாக்டர். அவர் என் அலுவலகத்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை. தினமும் நான் வீட்டுக்கு வந்து சொல்வதைக் கேட்டது மட்டும்தான். நான் சொல்வது பெரும்பாலும் யாரையாவது திட்டுவதாக இருக்கும். அதை வைத்து என் மேசை, பதிவேடு, அலமாரி, நான், எல்லாவற்றையும் பதினோரு நாள் உட்கார்ந்து வரைந்தார். என் பக்கத்தில் பெரிதாக ஒரு ஜன்னலும் போட்டார். என் அறையில் ஜன்னல் கிடையாது என்றேன். அதற்கு அவர், "முப்பது வருஷம் ஜன்னலோரமா உக்காந்தவன் நான். வெறும் சுவத்தப் பாத்துக்கிட்டு நீ எப்படித்தான் வேலை பாக்குறியோ" என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் கோணலாக நிற்கும். அந்த பஸ்ஸைப் பற்றி நான் கேலி செய்தேன். அதிலிருந்து நான்காம் மாதம் அவர் இறந்துவிட்டார்.

அதன் பிறகு படத்துக்குச் சட்டம் போட்டு, என் இருக்கைக்கு இடது பக்கச் சுவரில், ஜன்னல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் மாட்டினேன். ஒரு வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு புதிய மேலாளர் வந்தார். வந்த மூன்றாம் வாரம் ஒரு சுற்றறிக்கை போட்டார். அலுவலகச் சுவரும் மேசையும் வீட்டு வரவேற்பறை அல்ல, ஓர் இருக்கைக்கு ஒரே ஓர் அலங்காரப் பொருள்தான் இருக்கலாம், அதுவும் பொருள் பதிவேட்டில் ஏற்றி எண் ஒட்டியிருக்க வேண்டும், எண் இல்லாதது சனிக்கிழமை மாலை குப்பைக்குப் போகும் என்று அதில் இருந்தது. சொந்தப் பொருளை அலுவலகப் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது, தனி நோட்டுப் போடலாமே என்று நான் போய்க் கேட்டேன். "இருக்கற நோட்டே போதும்மா, இதுக்கெல்லாம் தனியா ஒண்ணு எதுக்கு" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுவதும் என் மேசை முன்னால் வரிசை நின்றது. மண் ஆமை, கண்ணாடிக் குவளை, கல்யாணப் போட்டோ, குழந்தை வரைந்த யானை என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டேன். கணக்கர் வைத்திருந்த மீன்தொட்டி மேலாளர் சொன்ன அளவுக்குள் வரவில்லை. கணக்கர் மீன்களை ஒரு வாளியில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். என் பக்கத்து இருக்கைத் தட்டச்சருக்கு இரட்டைக் குழந்தைகள். இரண்டு பேருக்கும் தனித்தனி போட்டோ வைத்திருந்தாள். ஒன்றுதான் வைக்கலாம் என்றதும் எதை எடுப்பது என்று தெரியாமல் அழுதாள். நான் இரண்டையும் ஒரே சட்டத்தில் ஒட்டிக் கொடுத்து, ஒரே எண் போட்டேன்.

பதினான்கு பொருள் ஏற்றினேன். பதிமூன்றுக்குக் குறிப்புக் கட்டத்தில் இது இன்னாருடைய சொந்தப் பொருள் என்று எழுதினேன். பதினான்காவது என்னுடையது. எண் 412. சட்டமிட்ட படம் ஒன்று, ஜன்னல், என்று எழுதினேன். குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். யாருடையது என்று எனக்குத் தெரியாதா, எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்வானேன் என்று நினைத்தேன். அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது? ஊர் சாமானையெல்லாம் காபந்து பண்ணிவிட்டு என் வீட்டுக் கதவைத் திறந்து போட்டேன்.

அதன் பிறகு ஆறு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வரப்போவதாகச் செய்தி வந்தது. கூட்ட அறைச் சுவர் மொட்டையாக இருக்கிறது என்று மேலாளருக்குத் தோன்றியிருக்கிறது. புதிதாகப் படம் வாங்க அனுமதி கேட்டால் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே கையிருப்பில் என்ன இருக்கிறது என்று என் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். கண் பரிசோதனைக்காக நான் இரண்டு நாள் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது என் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. உதவியாளரைக் கேட்டேன். "ஐயா ஸ்டூல் போட்டுக் கழட்டச் சொன்னாரும்மா. நான் என்ன பண்றது" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை.

அன்று பதினோரு மணிக்கு இயக்குநர் வந்தார். பைல் கொடுக்க நானும் கூட்ட அறைக்குள் இருந்தேன். அவர் படத்தின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இப்படி வேணும்னே கோணல்மாணலா வரையறதுக்கு ஒரு கை வேணும். யாரு ஆர்ட்டிஸ்ட்?" என்று சிரித்தார். மேலாளர், "தெரியலை சார், பழைய ஸ்டாக். உங்களுக்குப் பிடிச்சிருந்தா பேக் பண்ணி அனுப்பிடறேன்" என்றார். நான் பைலை நீட்டினேன், வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு, இயக்குநர் போனதும் நான் மேலாளர் அறைக்குப் போய், அது என் வீட்டுக்காரர் வரைந்தது என்று சொன்னேன். அவர் பதிவேட்டை வரவழைத்து விரித்து வைத்து, "உங்க கையெழுத்துதானேம்மா இது? மத்த எல்லாத்துக்கும் பேரு போட்டிருக்கீங்க, இதுக்கு மட்டும் இல்லையே" என்றார். இப்போது எழுதிவிடுகிறேன் என்றேன். "ஏத்தினதுக்கு அப்புறம் நோட்டுல கை வைக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் வகுப்பு எடுக்கறவங்களே நீங்கதான்" என்றார். அது உண்மை. பதிவேடு என் அலமாரியில்தான் இருக்கும், சாவி என் இடுப்பில்தான் இருக்கும். இரண்டு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் செய்யவில்லை. அதற்காக இப்போது வருத்தப்படுகிறீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். ஆமாம், வருத்தப்படுகிறேன்.

அதன் பிறகு, யாராவது சாட்சி சொன்னால் பார்க்கலாம் என்று மேலாளர் சொன்னதால், தட்டச்சரைக் கேட்டேன். அந்தப் படத்தை நான் மாட்டிய அன்று ஆணி பிடித்துக் கொடுத்தவளே அவள்தான். "எனக்கு சரியா ஞாபகம் இல்லக்கா" என்றாள். அவள் மேசையில் இரட்டையர் இரண்டு பேரும் ஒரே சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு வருகிறது. நல்லா இரு என்று சொல்லிவிட்டு வந்தேன். வாழ்த்தாகச் சொல்லவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் கூட்ட அறைக்குப் போய் நாற்காலி மேல் ஏறிப் படத்தைக் கழற்றினேன். துணி போட்டு மூடவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனேன். வாசற்காவலர், "நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன், போங்கம்மா" என்றார். அதெல்லாம் வேண்டாம், ஜன்னல் படம் ஒன்று இன்னார் எடுத்துப் போகிறார் என்று வெளிச்செல்லும் நோட்டில் எழுது என்று நின்று எழுத வைத்தேன். அந்த நோட்டுதான் இப்போது என் மேல் முதல் ஆதாரம்.

அதன் பிறகு மறுநாள் காலை போலீசார் என் வீட்டுக்கு வந்தார்கள். படம் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது. நானே கழற்றிக் கொடுத்தேன். நிலைய எழுத்தர் அதைத் துணியில் சுற்றிக் கயிறு கட்டினார். முடிச்சுப் போடும்போது விரல் வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார். அழுத்திக்கொண்டேன். அதன் மேல் அரக்கு வைத்து முத்திரை போட்டார்.

ஆய்வாளர் என்னிடம் மரியாதையாகவே பேசினார். மேலாளரோடு போனில் பேசிவிட்டு வந்து, படம் அலுவலகத்துடையது, அறியாமல் எடுத்துவிட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள், ஓய்வூதியத்துக்கும் பங்கம் வராது என்றார். என் மகனும், "ஒரே ஒரு வரிம்மா. அப்பாவே இருந்தாலும் எழுதிக் குடுத்துட்டு வான்னுதான் சொல்லியிருப்பாரு" என்றான். சொல்லியிருப்பார்தான். அவர் யாரோடும் மல்லுக்கு நிற்கிற ஆள் இல்லை.

எழுதிக் கொடுத்தால் படம் எங்கே போகும் என்று கேட்டேன். அலுவலகத்துக்குத் திரும்பப் போகும் என்றார். அங்கிருந்து எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். வழக்கு நடக்கும், என்னை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள், தீர்ப்பு வரும்வரை படம் இந்த நிலையத்துச் சாமான் அறையில் கிடக்கும் என்றார். எத்தனை வருடம் என்றேன். "அஞ்சும் ஆகலாம், பத்தும் ஆகலாம்" என்றார். அதுவரை மேலாளரோ இயக்குநரோ வந்து கேட்டால் பிரித்துக் காட்டுவீர்களா என்றேன். "கோர்ட் உத்தரவு இல்லாம நானே பிரிக்க முடியாதும்மா" என்றார். அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே நான் எதையும் எழுதிக் கொடுக்க மாட்டேன். வழக்கு நடக்கட்டும். என் கணவர் விழுந்துபோன உடம்போடு பதினோரு நாள் உட்கார்ந்து வரைந்ததை இன்னொருவர் வீட்டுச் சுவரில் மாட்டி வந்தவர் போனவரெல்லாம் சிரித்துப் பார்ப்பதைவிட, அது துணிக்குள்ளேயே கிடக்கட்டும். என் காலத்தில் நானும் அதை மறுபடி பார்க்கப் போவதில்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை படித்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்ததுதான் என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)
பொருள் பதிவேட்டு எழுத்தர்

என் முன்னிலையில் பதியப்பட்டது.
(கையெழுத்து)
ஆய்வாளர்