பிடிக்குள் இரண்டு விரல் இரும்பு

கத்தி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பெரியதைத்தான் கையில் எடுப்பார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, மேடம். மலையேறப் போகிறோம், காட்டில் தங்கப் போகிறோம் என்றதும் மனசுக்குள் ஒரு சினிமா ஓட ஆரம்பித்துவிடும். நான் அந்தப் பெரிய கத்தியை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, சின்னதாக ஒன்றைக் கையில் கொடுப்பேன். கயிறு அறுக்க, பழம் நறுக்க, குச்சி சீவ நான்கு அங்குல அலகு தாராளம். மடக்குக் கத்தி வேண்டாம் என்பேன். மடங்குகிற இடத்தில் மணல் போகும், அவசரத்தில் விரல் மேலேயே மூடிக்கொள்ளும்.

அளவைவிட முக்கியம் பிடி. அலகின் இரும்பு பிடிக்குள் கடைசி வரை ஓடியிருக்க வேண்டும். பாதியில் நின்றுபோன இரும்பை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் தெரிந்த ஆளிடம் வாங்கச் சொல்வது.

கணேசமூர்த்தி, வயது ஐம்பத்து மூன்று, அசோக் நகரில் மாடிக் கடை என்று எழுதிவிட்டீர்கள். தி. நகர் பாத்திரக் கடை என் அண்ணன்களுடையது. கூடாரமும் கத்தியும் விற்கப் போகிறேன் என்றதும் அவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கத்தியைப் பாதுகாப்பாகக் கையாளும் வகுப்பு எடுப்பேன். வெட்டுப்பட்டால் ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்பதும் அதில் உண்டு. நான் பேசினால் எல்லோரும் குறிப்பெழுதுவார்கள். பாத்திரக் கடையில் யார் குறிப்பெழுதுகிறார்கள்?

கிஷோர் ஜனவரியில் சேர்ந்தான். ஊரூர் ஒல்காட் குப்பம். இருபத்தேழு வயது. கடலுக்கும் போவான், மலையேறும் குழுக்களுக்கு வழிகாட்டியாகவும் போவான். அந்தக் குழுக்களில் இப்படி ஒரு வகுப்பு முடித்தவர்தான் கத்தி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி. அதற்காக வந்தான்.

முதல் நாளே ஒன்று நடந்தது. கத்தியை எப்போதும் உடம்பை விட்டு வெளியே தள்ளித்தான் அறுக்க வேண்டும், தன் பக்கம் இழுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கையைத் தூக்கினான்.

"சார், எங்கம்மா தெனிக்கும் தன் பக்கமா இஸ்த்துதான் மீன் அறுக்குது. இருவது வர்சம் ஆவுது. ஒரு கீறல் கெடையாது சார்."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மீன் வேறு, மரக்குச்சி வேறு என்று விளக்கினேன். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அன்று மாலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவன் அம்மா கங்கம்மா வஞ்சிரம் அறுக்கிற வீடியோவைப் போட்டான். நாற்பத்து மூன்று பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய நாள் கத்தியை உறையில் போடுவது பற்றி நான் நீளமாக எழுதியிருந்தேன். இரண்டு பேர். அதில் ஒருவர் என் மனைவி சண்முகப்ரியா.

பொறாமையா என்று கேட்டீர்கள். இல்லை. எண்ணிக்கையை வைத்துப் பொறாமைப்படுகிற வயசா எனக்கு? எனக்கு வந்தது கவலை. அடுத்த வகுப்பில் இடைவேளையில் எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். நடுக்கடலில் இன்ஜினில் சிக்கிய வலையைத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அறுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஷ்ரேயா என்று ஒரு கல்லூரிப் பெண், நல்ல மாணவி, அவனிடம் போய், இழுத்து அறுப்பது எப்படி என்று காட்டச் சொன்னாள். என் வகுப்பில், என் கத்தியில். தவறான பழக்கம் இப்படித்தான் பரவும். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? தெரிந்த ஒருவன் சும்மா இருக்க முடியாது, மேடம்.

பிப்ரவரியில் அன்வரி பேகம் ஒரு கத்தியைத் திருப்பிக் கொண்டுவந்தார். திருவல்லிக்கேணியில் இருக்கிறார், வருடம் ஒரு முறை பேத்திகளோடு மலைக்குப் போவார். "பிடி ஆடுது சார். யார் கைலயும் குடுத்துடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். அவருக்கு வேறு கத்தி கொடுத்து அனுப்பிவிட்டு அதைப் பிரித்துப் பார்த்தேன். பிடிக்குள் இரண்டு விரல் இரும்புதான் போயிருந்தது. அதுவும் துருப்பிடித்திருந்தது. உடைத்துப் போட்டிருக்க வேண்டியது. பசை வைத்து ஒட்டி, பிடியைத் தேய்த்து எண்ணெய் போட்டு, அலகைத் தீட்டினேன். மூன்று நாள் வேலை. அவ்வளவு அழகான கத்தி என் கடையில் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அதைக் கிஷோருக்குக் கொடுத்தேன். அன்பளிப்பாக. அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

"எனக்கா சார்? இன்னாத்துக்கு சார் இதெல்லாம்?"

நல்லா வேலை தெரிஞ்ச கைக்கு நல்ல கத்தி வேணும், தம்பி என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. உறையோடு தலைகீழாகப் பிடித்து, விழுகிறதா என்று பார்த்தான். விழவில்லை. உறையில் நான் கை வைக்கவில்லை.

மார்ச் முதல் ஞாயிறு வகுப்பைக் கடற்கரையில் வைத்தேன். குப்பத்தைத் தாண்டி உடைந்த பாலத்துக்குப் போகிற மணலில், காலை ஆறரை மணி. அந்த இடத்துக்கு வண்டி வராது. அதை நான் யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன்.

ஒன்பது பேர் வந்திருந்தார்கள். கூடாரத்துக்கு முளைக்குச்சி சீவுவது அன்றைய பாடம். நன்றாகக் காய்ந்த சவுக்குக் கட்டைகளாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அவரவருக்கு ஒரு கை நீள இடைவெளி விட்டு உட்கார வைத்தேன். அதன் பிறகு, கிஷோர் தன் முறையில் ஒரு தடவை செய்து காட்டட்டும், வித்தியாசத்தை நீங்களே பாருங்கள் என்று சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். ஷ்ரேயா தன் பையின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

அவன் மணலில் உட்கார்ந்து கட்டையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டான். வேறு யார் அப்படி உட்கார்ந்திருந்தாலும் எழுப்பியிருப்பேன். தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"உங்க அம்மா இழுக்கிற மாதிரி இழு, தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

முதல் இரண்டு இழுப்பு சுலபமாக வந்தது. மூன்றாவதில் கணு தட்டியது. அவன் பலமாக இழுத்தான். பிடி அவன் கைக்குள் திரும்பிக்கொண்டது. அலகு திரும்பவில்லை, தொடையில் இறங்கியது.

அலகைத் தள்ளி இறக்கியது நான் இல்லை. என் கை அவன் மேல் படவே இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பதறாமல் இருந்தது நான் ஒருவன்தான். இரண்டு பேரை ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட ரோட்டுக்கு அனுப்பினேன். அவனைத் தூக்கிப்போக, இரண்டு பேரைக் கரையில் இருந்த படகிலிருந்து பலகை கொண்டுவர அனுப்பினேன். ஷ்ரேயாவைக் கங்கம்மாவை அழைத்துவர அனுப்பினேன். மீதிப் பேரைக் கூட்டம் போடாதீர்கள், காற்று வரட்டும் என்று தூரப் போகச் சொன்னேன். எல்லோரும் சொன்னபடி செய்தார்கள். அவ்வளவு ஒழுங்கான வகுப்பை நான் பார்த்ததே இல்லை.

என் முதலுதவிப் பையில் ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டுகிற கட்டுவார் இருந்தது. துணி இருந்தது. எடுத்தேன், அழுத்தினேன், கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன் என்றுதான் சொன்னார்கள். அன்று மாலை கங்கம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என் புள்ளய வுடாம புடிச்சிக்கினு இருந்தியாமே சார் என்று அழுதார். அவன் காரியத்தன்று பெரிய வஞ்சிரமாக ஒன்று அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார், என் வீடு தெரியாமல். நான் ஏப்ரலிலும் வகுப்பு எடுத்தேன். முப்பது பேர் வந்தார்கள். தள்ளி அறுங்கள் என்றேன். ஒருவரும் கை தூக்கவில்லை.

ஓடுகிற அவசரத்தில் ஷ்ரேயா செல்போனை அணைக்க மறந்திருக்கிறாள். இரண்டு மாதம் கழித்துத்தான் அவளுக்கு அந்த வீடியோவைப் பார்க்கத் தைரியம் வந்திருக்கிறது. பார்த்துவிட்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கவனித்துப் பார்க்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

படத்தில் என் கை இருக்கிற இடம் தெளிவாகத் தெரிகிறது என்கிறீர்கள். உண்மைதான். வெட்டு தொடையின் நடுவில். துணியை அதற்கு நான்கு விரல் கீழே அழுத்தினேன். கட்டுவாரை முழங்காலுக்குப் பக்கத்தில் கட்டினேன். தவறுதலாக இல்லை. ரத்தம் மேலிருந்து வருகிறது, கீழே கட்டினால் நிற்காது என்பது எனக்குத் தெரியும். ஆறு, ஏழு நிமிஷம் ஆனது. நான் கையை எடுக்கவே இல்லை.

கடைசியில் அவன் உதடு அசைகிறது, அலைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, என்ன சொன்னான் என்று கேட்டீர்கள். மறைக்க ஒன்றும் இல்லை, மேடம்.

"மேல சார். மேல அமுக்கு சார். நீதானே சார் சொல்லிக் குடுத்த?"

வகுப்பில் நான் சொன்னது அப்படியே. வார்த்தை மாறவில்லை. என்னிடம் அவன் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்று அதுவரை இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல பையன், கவனித்திருக்கிறான். ஒரு வாத்தியாருக்கு அந்த நேரத்தில் எவ்வளவு நிறைவாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.