பொட்டு வைத்த பல்பு

"பல்புக்குப் பொட்டு வச்சது ஒரு குத்தமா மச்சான்?"

வத்திராயிருப்பு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்தவர் கேட்டார். பக்கத்தில் அவருடைய மச்சான், கார் மெக்கானிக்.

"சேச்சே, குத்தமா? கார் ஹெட்லைட்டு செனான் பல்பு கண்ணாடியில வெறுங்கை பட்டாலே சூட்டுல தெறிச்சிரும், துணியால பிடிச்சு மாட்டுன்னு சொன்னேன். நீ சந்தனம், குங்குமம் வச்சு சூடமும் காட்டியிருக்க. மாலை ஒண்ணுதான் கொறச்சல்."

"புதுச் சாமானுல்ல?"

"ரெண்டும் போச்சு. சாயங்காலம் பொண்ணழைப்புக் காருக்கு முன்னால நீ தீப்பந்தம் பிடிச்சுக்கிட்டு ஓடு."

"அதான் வேற ஜோடி வாங்கிட்டேன்ல. இந்தாங்க, நீங்களே மாட்டுங்க."

மெக்கானிக் பெட்டியை வாங்கித் திறந்தார். உள்ளே பார்த்ததும் மூடினார்.

"இந்தத் தடவை திருநீறு மட்டும்தான் மச்சான்."