இனிச் சிவப்பு வராது

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அம்மா அலுத்துப்போய்விட்டார், சேர். கடைசியில், "கம்பியூட்டருக்கு நோட்ஸ் எழுதுது" என்று சொல்லி முடித்துக்கொண்டார். அது அப்படியொன்றும் தவறில்லை. மென்பொருளில் மாற்றம் செய்பவர்கள் வேறு ஆட்கள். அந்த மாற்றத்துக்குப் பிறகு சனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று மொழியிலும் எழுதுகிறவள் நான்.

எங்களுடையது மண்சரிவு எச்சரிக்கை ஆப். மலையில் பதித்த கருவிகள் மழையை அளக்கும். போனில் நிறம் வரும். மஞ்சள் வந்தால் சாமான்களைக் கட்டி வைக்க வேண்டும், சிவப்பு வந்தால் வெளியேற வேண்டும். அரநாயக்கப் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் ஒவ்வொன்றுக்கும் போய் அதைப் போனில் போட்டுக்கொடுத்ததும் நானேதான். நம்ம புள்ள செய்தது என்று சந்தோஷப்பட்டார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிற வழக்கமெல்லாம் எங்கள் டீமில் இல்லை. மாற்றம் தயாரானால் உடனே வெளியே போகும். காலையில் ஒன்று போனால், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று. அதற்கு முன் குறிப்பு ரெடி என்று நான் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். டீம் லீட் நிரஞ்சன் புதிதாக வருகிறவர்களிடம், "ஷாமிளா இருந்தா ரிலீஸ் நிக்காது" என்பார். அந்தப் பெயருக்கு நான் ஆசைப்பட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் சிவப்பை எடுத்துவிட்டார்கள். சிவப்பு வரும்வரை காத்திருந்தால் தப்பிக்க நேரம் போதாது என்று தெரிந்ததால், இனி மஞ்சள் வந்ததுமே வெளியேற வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினேன், சிங்களத்தில் எழுதினேன். தமிழுக்கு வந்தபோது நிரஞ்சன் அவசரப்படுத்தினார். தமிழில் பார்ப்பவர்கள் கொஞ்சப்பேர். அவர்களுக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று ரெடியை அழுத்தினேன். எங்கள் ஆட்கள் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், வாசிக்கத்தான் தெரியாது. இது எனக்குத் தெரியாததல்ல. மறுநாள் வேறு வெளியீடுகள் வந்தன. தமிழ்க் குறிப்பு பழையபடியே கிடந்தது.

பெருமழை பிடித்த அன்று ரப்பர் பால்வெட்டு வேலை இல்லை, எல்லோரும் லயத்தில்தான் இருந்தார்கள். நான் கேகாலை டவுனில், எங்கள் வாடகை வீட்டில் வேலையாக இருந்தேன். நாகலிங்கம் மாமா எனக்குப் போன் எடுத்தார். தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், எனக்குச் சைக்கிள் பழக்கியவர்.

"ஷாமி, மஞ்சள் வந்திருச்சும்மா. சாமானெல்லாம் கட்டிட்டோம். மாமி இப்பவே கோயிலுக்குப் போயிருவோங்குது. நான்தான் செவப்பு வரட்டும்னு சொல்றேன். நோட்ஸ்ல அப்படித்தானே போட்டிருக்க?"

பின்னால் மருதாயி மாமியின் குரல் கேட்டது. "புள்ள சொன்னா சரிதாங்க. கேளுங்க."

இந்தப் போனைப் பற்றி, மண்சரிவுக்குப் பிறகு நீங்கள் நடத்திய முதல் விசாரணையில் நான் சொல்லவில்லை, சேர். ஓடுங்கள் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால், அப்ப நீ எழுதினது தப்பா என்று கேட்பார். அது லயம் முழுக்கத் தெரியும், நிரஞ்சன் காதுக்கும் போகும். முதலில் குறிப்பைத் திருத்திவிடலாம். பிறகு கையோடு மாமாவுக்குப் போன் எடுத்து, இப்போதுதான் மாற்றம் வந்தது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"நோட்ஸ்ல இருக்கிற மாதிரியே செய்ங்க மாமா" என்றேன்.

உட்கார்ந்து எழுதினேன். வெளியேறவும் என்று போடுவதா, வெளியேறுங்கள் என்று போடுவதா என்று யோசித்தது நினைவிருக்கிறது. முடித்துவிட்டுப் போன் எடுத்தபோது லைன் கிடைக்கவில்லை. மாமா இருந்த மேல் லயம் முழுவதும் மண்ணுக்குள் போயிருந்தது. மாமா போகாததால் அக்கம்பக்கத்தில் யாருமே போகவில்லை. மாமாவையும் மாமியையும் தோண்டி எடுத்தபோது கட்டிய மூட்டைகள் பக்கத்திலேயே இருந்தனவாம்.

அவர்கள் மகள் லோஜினி ரம்புக்கனையில் ஒரு கடையில் வேலை செய்கிறாள், அதனால் தப்பினாள். செத்த வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா மஞ்சளப் பாக்கவே இல்லையாக்கா?" என்று கேட்டாள். பாத்திருக்க மாட்டாரும்மா என்றேன். உங்கள் ஆட்களிடமும் அதையே சொன்னேன். அறிவுறுத்தலைக் கவனிக்கத் தவறினார்கள் என்று நீங்களும் அறிக்கையில் எழுதிவிட்டீர்கள்.

போன வாரம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மாவின் படத்துக்கு மட்டும் மாலை போட்டிருந்தாள். அப்பா படம் எங்கே என்று கேட்டேன். "அந்த மனுசனாலதானே அம்மா செத்துச்சு" என்றாள். அதனால்தான் வந்தேன். அவர்கள் வாசித்தார்கள், சேர். நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். கொன்றது நான்.

ஒரேயொரு உதவி கேட்கிறேன். லோஜினியிடம் நீங்கள் சொல்லிவிட வேண்டாம், நானே சொல்கிறேன். அவளுக்கு வலிக்காதபடி எப்படிச் சொல்வது என்று இப்போதுதான் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.