நன்றி சொன்ன கட்டுரை

“மருந்து குடுத்தும் குணமாகாத பதினோரு பேஷண்டையும் கணக்குலேர்ந்து எடுத்துடும்மான்னாரு அந்தப் புரொபசர்” என்றார் அந்தப் பெண். செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருவர். இருவர் கழுத்திலும் ஒரே பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டை. ஆராய்ச்சிகளுக்குப் புள்ளிவிவரம் பார்த்துக் கொடுப்பவர் அந்தப் பெண். கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர் பக்கத்தில் இருந்தவர்.

“நீங்க இன்னா சொன்னீங்க மேடம்?”

“முடியாதுன்னுட்டேன். ஏன்னு எழுதியும் குடுத்தேன். இப்ப கட்டுரை வந்திருக்கு. அந்தப் பதினோரு பேரும் அதுல இல்ல. மருந்து பிரமாதமாம். கடைசில நன்றின்னு போட்டு என் பேரு.”

“அநியாயமா கீதே! பேர எடுக்கச் சொல்லுங்க.”

“சொன்னேன். உதவி செஞ்சவங்கள விட்டுடக் கூடாதும்மாங்கறாரு.”

திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறி அடங்கியதும் கம்ப்யூட்டர்காரர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

“அந்தப் புரொபசராண்ட ஆராய்ச்சி பண்ற பொண்ணு போன வருஷம் என்னாண்ட வந்துச்சு மேடம். ஃபைல்ல பதினோரு வரிய எடுக்க வரலன்னுச்சு. இன்னா ஏதுன்னு கேக்காம நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“தெரியும் சார். அந்த நன்றில எனக்கு அடுத்த பேரு உங்களுது.”