கரிக் கண்ணாடி வழியாக மூன்று நிமிடம்

மின்சாரம் இப்போதைக்கு வராது. நெருங்கி உட்காருங்கள். அந்த மண்ணெண்ணெய் விளக்கின் திரியைக் கொஞ்சம் இறக்குங்கள்... போதும்.

பகல் இரண்டு மணி. அறுபத்தெட்டாம் வருஷம், சித்திரை மாதம். நேமத்தான்பட்டியில் ஒரு நீளத் தெரு. ஆள் கிடையாது. நாய்கூட நிழல் தேடிப் போய்விட்டது...

எதிரே உட்கார்ந்திருக்கும் சோமு சிரிக்கிறான். “பகல்லயாண்ணே? எங்க ஊருப் பேயெல்லாம் சோத்தத் தின்னுட்டுத் தூங்குற நேரமுல்ல அது!” என்கிறான்.

சிரித்துக்கொள். என் சிநேகிதன் இராமநாதனுடைய தாய்மாமன் காளிதாஸ், காரைக்குடியில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஆசாரி. பெரிய வீட்டுச் சுவர்க் கடிகாரங்களுக்கு எண்ணெய் விட ஊர் ஊராகச் சைக்கிளில் போவார். அவருடைய காக்கிப் பைக்குள் திருப்புளிகளோடு ஒரு காமிராவும் இருக்கும். பையின் பக்கவாட்டில் ஓர் ஓட்டை. உள்ளே அதற்கு நேராக லென்ஸ். மேலிருந்து குனிந்து பார்க்கிற வகைக் காமிரா அது. பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்தால் போதும், தெருவே உள்ளங்கை அகலத்தில் தெரியும். பிறகு ஒரு ‘டிக்’. கடிகாரக்காரர் பையில் டிக் என்று கேட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஒளித்து எடுக்கக் காரணம் உண்டு. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அந்தப் பக்கம் பலர் நம்பினார்கள். பார்த்தால் அடி விழும்.

அந்தத் தெருப் படங்களில்தான் சிக்கல். ஒரே ஒரு வாசலில் மட்டும் ஒரு வெள்ளை மங்கல். ஆள் உயரம். கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி. எடுக்கும்போது வாசல் காலி... கழுவினால் மங்கல்.

காமிராவில் விரிசல் இருக்குமோ என்று பார்த்தார். விரிசல் வழியாக வெளிச்சம் கசிந்தால், கறை எல்லாப் படத்திலும் ஒரே மூலையில் விழ வேண்டும். இது அப்படியில்லை. வாசல் படத்தின் இடப்பக்கம் வந்தால் மங்கலும் இடப்பக்கம். வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம். ஆக, அது காமிராவில் இல்லை. வாசலில் இருக்கிறது.

லென்ஸைத் திறந்து மூடும் ஷட்டரும் ஒரு குட்டிக் கடிகாரம்தான், வில்லும் பல்சக்கரமும். ஒருநாள் அதில் தூசி சிக்கியது. நொடியின் நூறில் ஒரு பங்கில் மூட வேண்டியது, அரை நொடி திறந்தே கிடந்தது. படம் முழுக்க வெளுத்துவிட்டது. அந்த வெளுப்புக்குள், மங்கல் சேலை கட்டியிருந்தது. கட்டம் போட்ட கண்டாங்கி.

மறுபடி போனார். அந்த வாசலை நெருங்கியதும் குழைத்த சந்தன வாசம், தாளித்த புளிச்சோற்று வாசம். வீட்டில் அடுப்பே எரியவில்லை...

“ஆசாரியண்ணே, பைக்குள்ள மூஞ்சிய விட்டு அப்படி என்னத்தத் தேடுறீக?”

அந்த வீட்டுப் பெண் புஷ்பவள்ளி. ஆவணியில் கல்யாணம் நிச்சயமானவள். மாட்டிக்கொண்ட பயத்தில் காளிதாஸ் அந்தப் படத்தையே நீட்டிவிட்டார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். “இது எங்க ஆத்தா சேலை. பெட்டிக்குள்ளதான கெடக்கு. படம் இல்லாததால படையலுக்கு இதத்தான் எடுத்து வைப்போம்.”

அவளைப் பெற்ற எட்டாம் நாள் தாய் கருப்பம்மாள் போய்விட்டாள்.

“ஆத்தாள அப்படியே உரிச்சு வச்சிருக்கேனாம். எல்லாரும் சொல்றாக. நான் பாத்ததில்லையேண்ணே. கல்யாணத்துக்கு முந்தி ஒரே ஒரு தடவை அந்த மூஞ்சியக் காட்டிருவீகளா?”

அரை நொடிக்குச் சேலை தெரிந்தது என்றால், முகத்துக்கு இன்னும் நேரம் வேண்டும். ஆனால் சித்திரை வெயிலில் நேரத்தைக் கூட்டினால் படம் வெளுத்துப்போகும். அப்படியானால் வெயிலைக் குறைக்க வேண்டும். கிரகணம் பார்க்கக் கண்ணாடியில் கரி பிடிப்போமே, அதை லென்ஸுக்கு முன் வைத்தார்.

மறுநாள். அதே இரண்டு மணி. எதிரே ஒரு கல்மேல் காமிரா. புஷ்பவள்ளி வாசற்படியில் உட்கார்ந்தாள். காளிதாஸ் ஷட்டரைத் திறந்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் எண்ணினார். ஒரு சைக்கிள் போனது. ஒரு ஆடு போனது. அழுகையை அடக்க முடியாமல் அவள் உடம்பு குலுங்கியது. இரண்டாம் நிமிடத்தில் கண்ணாடி வளையல் சத்தம்... ஒரே தடவை. புஷ்பவள்ளி போட்டிருந்தது ரப்பர் வளையல்.

இவ்வளவு நேரம் திறந்திருந்தால், நகர்கிற எதுவும் படத்தில் தங்காது. அசையாமல் இருப்பதுதான் தங்கும். கழுவிய படத்தில் சைக்கிள் இல்லை, ஆடு இல்லை. புஷ்பவள்ளி வெறும் புகை. அவளுக்குப் பின்னால், தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் நிறைமாத வயிறுமாக ஒருத்தி. துல்லியமாக. புஷ்பவள்ளியின் முகம்தான் அவளுக்கும்... லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பன் மலையாண்டி அரிவாளைத் தூக்குவார் என்று பயந்தார்கள். அவர் படத்தைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“வளைகாப்பு அன்னைக்கு, படம் பிடிக்கணும்னு ஆசைப்பட்டா. போட்டோக்காரரும் தெருமுனைக்கு வந்துட்டாக. ‘நில்லு, இந்தா கூட்டியாறேன்’னு வாசல்ல நிக்க வச்சிட்டுப் போனேன். புள்ளைக்கு ஆகாதுன்னு அங்குட்டே போட்டோக்காரரத் திருப்பி அனுப்பிட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல...” காளிதாஸை நிமிர்ந்து பார்த்தார். “இன்னுமா ஆசாரி நிக்கிறா?”

அதற்குப் பிறகு அந்த வாசலில் மங்கல் விழவில்லை.

படத்தின் ஒரு பிரதியை இராமநாதன் வீட்டில் நான் பார்த்திருக்கிறேன். புகையாகிப்போன புஷ்பவள்ளியில் ஓர் இடம் மட்டும் தெளிவாக இருக்கிறது. இடது தோள். அங்கே ஐந்து விரல்கள், குலுங்காமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

சோமு இப்போது சிரிக்கவில்லை. அவன் மனைவி முத்தழகு போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. அவளுக்கும் படம் கிடையாது.

“அந்தக் கரி... எப்படிண்ணே பிடிக்கிறது?” என்று கேட்கிறான்.

கண்ணாடித் துண்டைச் சுடருக்கு மேல் காட்டு, சோமு. அதன் வழியே பார்த்தால் சூரியன் சிவப்புக் காசு மாதிரித் தெரிய வேண்டும், அதுதான் அளவு. அவளை எந்த வாசலில் காக்க வைத்தாயோ, அந்த வாசலுக்கு நேராகக் காமிராவைக் கல்மேல் வை. மூன்று நிமிடம் திறந்து வை.